ஒரே ஆய்வாளர், மூன்று பெயர்கள்: ஒரு செல் உயிரியலாளரின் வெளியீட்டுப் பதிவைச் சரிபார்த்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையை ஒட்டியுள்ள அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நான் நூலகராகப் பணியாற்றுகிறேன். ஆசிரியர்களின் ஆய்வு வெளியீடுகளைத் தொகுத்து ஆண்டறிக்கைக்குக் கொடுப்பதும் என் பொறுப்பு. எங்கள் விலங்கியல் துறையில் செல் உயிரியல் கற்பிக்கும் இணைப்பேராசிரியர் ஒருவர் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். இதற்கு அவருடைய ஒப்புதலைப் பெற்றிருக்கிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன்.

அவர் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து படித்து வந்தவர். தாவரச் சாறுகள் புற்றுநோய்ச் செல்களை எவ்வாறு மடியச் செய்கின்றன என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. கல்லூரிப் பணியில் சேர்ந்த பிறகு, கண்புரை உருவாவதைப் புரிந்துகொள்வதற்காகக் கண்வில்லையின் மேற்புறச் செல்களை எடுத்து வளர்த்து ஆராய்ந்து வருகிறார். திருமணத்துக்கு முன்பே கட்டுரை எழுதத் தொடங்கியவர் என்பதும், இடையில் ஓராண்டு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் இருந்து வந்தவர் என்பதும் இந்த நிகழ்வுக்கு முக்கியமானவை. ஏனென்றால் இந்த மூன்று கட்டங்களிலும் அவருடைய பெயர் மூன்று விதமாக அச்சாகியிருக்கிறது.

விளங்குவதற்காக வேறொரு பெயரை வைத்துச் சொல்கிறேன். முத்துவின் மகள் மீனாட்சி, திருமணத்துக்கு முன் மு. மீனாட்சி என்று எழுதுகிறார். ராஜாவை மணந்த பின் ரா. மீனாட்சி ஆகிறார். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல் அப்பாவின் பெயரை நிரப்பிவிட்டதால், வெளிநாட்டில் இருந்த காலத்துக் கட்டுரைகளில் மீனாட்சி முத்து ஆகிறார். நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது; முன்னால் நிற்கும் எழுத்து அப்பாவையோ கணவரையோ குறிக்கும். ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சான்றாகக் காட்டியிருக்கின்றன என்று கணக்கிடும் மேற்கோள் தரவுத்தளங்களோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகவும் மற்றதை ஆளின் பெயராகவும் கொள்ளும்படி அமைந்தவை. அவற்றின் கணக்கில் இவர் மூன்று வேறு மனிதர்கள். அதோடு, மதுரைப் பக்கம் தெருவுக்கு இரண்டு மீனாட்சி இருப்பதைப் போல, ஆய்வுலகத்திலும் அதே எழுத்தும் அதே பெயரும் கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள்.

முதல் கணக்கும் முதல் அமர்வும்

எங்கள் கல்லூரியின் பதவி உயர்வு விண்ணப்பத்தில், பல்கலைக்கழக மானியக் குழு கேட்கும் விவரங்களுக்கு மேலாக, எச்-குறியீட்டெண் என்று ஒரு கட்டத்தைக் கல்லூரியே சேர்த்திருந்தது. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த அளவு இது. ஒருவருடைய கட்டுரைகளில் 12 கட்டுரைகள் தலா 12 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டு, 13 கட்டுரைகள் அவ்வாறு 13 முறை காட்டப்படவில்லை என்றால் அவருடைய எண் 12.

விண்ணப்பத்தில் ஆய்வாளர் 21 என்று எழுதியிருந்தார். முந்தைய ஆண்டறிக்கையில் அந்த எண்ணை அச்சிட்டவன் நான்தான். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அவருடைய பக்கத்தைத் திறந்து, 71 வெளியீடுகள், 1874 மேற்கோள்கள், எச்-குறியீட்டெண் 21 என்று கண்டதை அப்படியே எடுத்து எழுதியிருந்தேன். பட்டியலில் என்னென்ன கட்டுரைகள் இருக்கின்றன என்று ஒருமுறைகூட நான் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. கல்லூரி ஏற்கெனவே அச்சிட்டதுதானே என்று அவரும் அந்த எண்ணையே விண்ணப்பத்தில் நிரப்பிவிட்டார்.

தேர்வுக் குழுவின் வெளி வல்லுநர் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து ஒரு தாளை எடுத்து வந்திருந்தார். அதில் 14 கட்டுரைகள், 118 மேற்கோள்கள், எச்-குறியீட்டெண் 6 என்று இருந்தது. இரண்டு தாள்களையும் முதல்வர் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவற்றில் எது சரி என்று கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பதிவைச் சரிபார்த்துக் கொண்டுவர ஆறு வாரம் கொடுத்து அமர்வைத் தள்ளிவைத்தார்கள்.

அன்று மாலை நூலகத்துக்கு வந்த ஆய்வாளர், "சார், அந்த ரெண்டு தாளும் நான் இல்லை" என்றார். அந்தச் சொற்கள் என்னை வெகுவாகப் பாதித்தன. ஒருவருடைய பதினெட்டு ஆண்டு உழைப்பை எடுத்துக்காட்ட வேண்டிய இடத்தில், அவருடையதே அல்லாத எண்ணை அச்சிட்டிருந்தேன்.

கட்டுரை கட்டுரையாகப் பார்த்தது

வகுப்புகள் முடிந்த பின் தினமும் நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை உட்கார்ந்தோம். தம் கட்டுரைகளின் அச்சுப் படிகளை அவர் மூன்று அட்டைப் பெட்டிகளில் வைத்திருந்தார். பழைய படிகளில் குத்தியிருந்த ஊசிகள் துருவேறி, முதல் பக்கத்தின் மூலையில் பழுப்புக் கறை பரப்பியிருந்தன. அந்தத் தாள்களே எங்களுக்குச் சான்று. ஒவ்வொரு தலைப்புக்கும் உடனெழுதியவர்கள் யார், முகவரி எது, எந்தத் துறை, நன்றியுரையில் எந்த உதவித்தொகை குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று நான்கையும் பார்த்தோம்.

கூகுள் ஸ்காலரில் இருந்த 71இல் 33 கட்டுரைகள் அதே பெயருடைய மற்றவர்களுக்கு உரியவை. மெல்லிய படலங்களைப் பற்றிய இயற்பியல் கட்டுரைகளும், நெற்பயிர் நோய் பற்றிய வேளாண் கட்டுரைகளும் அவற்றில் இருந்தன. பெயர் ஒத்துவரும் கட்டுரைகளைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும் அமைப்பு அந்தப் பக்கத்தில் அணைக்கப்படாமல் இருந்ததே இதற்குக் காரணம். மேலும் 7 பதிவுகள், ஒரே கட்டுரை இரண்டு முறை வந்தவையும் மாநாட்டுச் சுருக்கங்களும் ஆகும். உண்மையில் அவருடையவை 31.

ஒரே ஒரு கட்டுரையில் அவரே தயங்கினார். பல்கலைக்கழக முகவரி அவர் படித்த இடத்துடையது, ஆண்டும் பொருந்தியது, செல் நச்சுத்தன்மையைப் பற்றியதாகவும் இருந்தது. நன்றியுரையில் இருந்த உதவித்தொகை அவர் பெற்றதல்ல என்று பார்த்த பிறகுதான், அதே வளாகத்தில் வேறொரு துறையில் அதே எழுத்தும் பெயரும் கொண்ட ஒருவர் படித்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. 90 மேற்கோள் பெற்ற கட்டுரை அது. அதையும் நீக்கினோம்.

ஸ்கோபஸில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. அப்பாவின் எழுத்தில் 9, கணவரின் எழுத்தில் 14, வெளிநாட்டுக் காலப் பெயரில் 4 என்று, கட்டுரை எழுதியவரை அடையாளம் காண ஸ்கோபஸ் தரும் ஆசிரியர் எண்கள் மூன்றில் அவர் சிதறிக் கிடந்தார். குழுவிடம் இருந்த தாள் நடுவில் உள்ளதை மட்டுமே காட்டியது. அந்தப் 14இலும் 2 பிறருடையவை. ஆக அவருடையவை 25. மீதி 6 கட்டுரைகள் வெளிவந்த ஆய்விதழ்களை அந்தத் தரவுத்தளம் எடுத்துக்கொள்வதில்லை.

எடுத்த முடிவுகள்

பிறருடைய கட்டுரைகளை உடனே நீக்குவது என்பது முதல் முடிவு. துறையின் மூத்த ஆசிரியர் ஒருவர் அவர்மேல் உள்ள அக்கறையினால்தான், "எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க மேடம், பதவி உயர்வு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். ஆய்வாளர் அதை ஏற்கவில்லை. வேறொரு ஊரில் அதே பெயரோடு உட்கார்ந்து உழைத்த ஒருவருடைய கட்டுரை தன் கணக்கில் ஏறி நிற்பதை அறிந்த பிறகு, அதைக் காட்டி ஓர் அமர்வுக்குப் போக முடியாது என்பது அவர் சொன்ன காரணம். நீக்கியபின் கூகுள் ஸ்காலர் எண்கள் 31 கட்டுரைகள், 612 மேற்கோள்கள், எச்-குறியீட்டெண் 12 என்று இறங்கின.

ஸ்கோபஸின் மூன்று எண்களையும் ஒன்றாக்கக் கோருவதும், 2012 முதல் வழங்கப்படும் ஆர்க்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணைப் பெற்று அதில் எல்லாக் கட்டுரைகளையும் இணைப்பதும் இரண்டாவது முடிவு. முதல் இரண்டும் எளிதில் சேர்ந்தன. வெளிநாட்டுக் காலக் கட்டுரைகள் மட்டும், அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல்களில் அச்சாகியிருந்ததால், இரண்டு முறை விளக்கம் எழுதிய பிறகே இணைந்தன. இணைந்தபின் கிடைத்த கணக்கு 25 கட்டுரைகள், 421 மேற்கோள்கள், எச்-குறியீட்டெண் 10.

மூன்றாவது முடிவு என் பங்கு. ஆண்டறிக்கையில் அச்சிட்ட எண் தவறு என்றும், அது என்னுடைய பிழை என்றும் முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன்.

அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரை

இதுவரை நடந்தது கணக்கு வேலை. இதன்பின் நடந்ததைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்கோபஸில் அவருடைய கட்டுரைகளிலேயே அதிகமாக, 126 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது முனைவர் பட்டக் காலத்துக் கட்டுரை ஒன்று. எண்ணைச் சொல்வதைவிட, மற்றவர்கள் இதை எதற்காக எடுத்தாண்டார்கள் என்று குழுவிடம் சொல்வது நல்லது என்று நினைத்து, மேற்கோள் காட்டியவற்றில் முழுமையாகக் கிடைத்த 97 கட்டுரைகளைத் தேடி எடுத்தோம். அவற்றில் 61, முன்னுரையில் ஏழெட்டுக் கட்டுரைகளோடு ஒரு கொத்தாக இதையும் சேர்த்திருந்தன. 22 கட்டுரைகள் மருந்தின் அளவையும் நேரத்தையும் இதைப் பார்த்து அமைத்திருந்தன. முடிவுகளை எடுத்துப் பேசியவை 14 மட்டுமே. அந்தப் 14இல் இரண்டு, இந்த ஆய்வில் வாய்ப் புற்றுநோய்ச் செல் என்று குறிப்பிடப்பட்டுள்ள கே.பி. செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கப்படும் ஒரே மூலத்துச் செல்கள்) உண்மையில் ஹீலா செல் என்று சுட்டியிருந்தன.

ஹீலா என்பது 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் கருப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வளர்க்கப்பட்ட செல் வரிசை. மிக வேகமாகப் பெருகும் தன்மையால், கவனக்குறைவாகக் கையாண்ட ஆய்வகங்களில் அது பிற செல் குடுவைகளுக்குள் புகுந்து, அங்கிருந்த செல்களை மிஞ்சிப் பெருகிவிட்டது. 1960களின் நடுவில் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் ஒரு நொதியின் வகையை வைத்து, வேறு வேறு பெயர்களில் புழங்கிய 18 செல் வரிசைகள் ஹீலாவாக இருக்கக்கூடும் என்று காட்டினார். 1950களில் வாய்ப் புற்றுநோயிலிருந்து பெறப்பட்டதாகப் பெயர்பெற்ற கே.பி.யும் ஹீலாவே என்பது பின்னர் உறுதியாகி, தவறாக அடையாளம் காணப்பட்ட செல் வரிசைகளின் சர்வதேசப் பட்டியலிலும் ஏறியது. அப்படியிருந்தும் பல ஆய்வகங்களில் பழைய பெயரே தொடர்ந்தது.

ஆய்வாளர் அன்று ஆய்வகத்துக்குப் போய்த் திரவ நைட்ரஜன் கலனைத் திறந்தார். முனைவர் பட்டக் காலத்திலிருந்து காத்து வந்த இரண்டு குப்பிகளில் ஒன்றில் பேனா எழுத்து மங்கி, தேதியின் பாதிதான் தெரிந்தது. இன்னொன்றை எடுத்து வளர்த்து, செல்லின் மரபு அடையாளத்தைச் சொல்லும் எஸ்.டி.ஆர். சோதனைக்குத் தம் செலவில் அனுப்பினார். ஹீலா என்றே முடிவு வந்தது.

ஆய்விதழுக்கு எழுத வேண்டுமானால் உடனெழுதியவர்கள் ஒப்ப வேண்டும். ஓய்வுபெற்றுவிட்ட தம் நெறியாளருக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம லேபுக்கு வரும்போதே கே.பி.ன்னுதாம்மா குடுத்தாங்க. நாம சரிபாத்திருக்கணும். என் பேரும் சேர்ந்துதானே இருக்கு, எழுதும்மா" என்றாராம்.

எப்போது எழுதுவது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. குழு மீண்டும் கூட இன்னும் இரண்டு வாரமே இருந்தது. அமர்வு முடிந்தபின் எழுதலாமே என்று நானே சொன்னேன். குழுவிடம் காட்டப்போகும் கட்டுரைகளிலேயே அதிகம் மேற்கோள் பெற்றது இதுதான் என்பதால், அவர்கள் அதை எடைபோடும் முன்பே இந்தக் குறை அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தார். திருத்தம் கோரி ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்தின் நகலை விண்ணப்பத்தோடு இணைத்தார். அந்தக் கட்டுரையை மதிப்பெண் கணக்கிலிருந்து தாமாகவே விலக்கிக்கொண்டார். அன்று நான் சொன்ன யோசனை தவறு என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

கணக்குக்கு ஒரு தகவல். இந்த ஒரு கட்டுரையை எடுத்துவிட்டால் மொத்த மேற்கோள் 421இலிருந்து 295 ஆகக் குறையும். எச்-குறியீட்டெண்ணோ அதிகம் போனால் ஒன்றுதான் குறையும், ஏனென்றால் 10க்கு மேல் அது 11 பெற்றாலும் 126 பெற்றாலும் அந்த அளவுக்கு ஒன்றே. ஒருவருடைய பதிவில் எங்கே கனம் இருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது.

இரண்டாம் அமர்வு

மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பெண் அது வெளிவந்த ஆய்விதழின் தாக்கக் காரணியைப் பொறுத்து ஏறுகிறது. இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து எழுதியிருந்தால் முதல் ஆசிரியருக்கும், கட்டுரை தொடர்பாக இதழோடு தொடர்புகொள்ளும் தொடர்பு ஆசிரியருக்கும் 70 விழுக்காடு, மற்றவர்களுக்கு 30 விழுக்காடு. தாக்கக் காரணி என்பது, ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு. யூஜின் கார்ஃபீல்டு உருவாக்கிய அந்த அளவு, இதழ்களைத் தேர்ந்தெடுத்து வாங்குவதற்கு என்னைப் போன்ற நூலகர்களுக்குப் பெரிதும் உதவியது. அதை ஒரு தனி மனிதரின்மேல் ஏற்றிப் பார்க்கக் கூடாது என்ற எதிர்ப்பு செல் உயிரியலாளர்களிடமிருந்தே வலுவாக எழுந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கச் செல் உயிரியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தொடங்கி, 2013இல் வெளியான டோரா அறிக்கை, தனிப்பட்ட கட்டுரையின் தரத்துக்கோ ஆய்வாளரின் பங்களிப்புக்கோ இதழின் தாக்கக் காரணியை மாற்றாக வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது.

விதிமுறையை மாற்ற எங்களால் முடியாது. கணக்கை விதிப்படி கொடுத்துவிட்டு, அதனோடு ஐந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன கேள்வி, தம் கையால் செய்தது என்ன, யாருக்குப் பயன்பட்டது என்று ஒரு பத்தி எழுதி இணைத்தார் ஆய்வாளர்.

அவற்றில் ஒன்று தாக்கக் காரணியே இல்லாத இதழில் வந்தது, மேற்கோள்கள் 7. ஆட்டுக்கண்ணிலிருந்து கண்வில்லையின் மேற்புறச் செல்களை எடுத்து, விலை குறைந்த பொருள்களைக் கொண்டு வளர்க்கும் முறையைப் பற்றியது. அந்தக் கட்டுரைக்காக ஆய்வக உதவியாளர் விடியற்காலையில் நெல்பேட்டை இறைச்சிக் கடைகளுக்குப் போய், ஆட்டுக்கண்களைப் பனிக்கட்டி நிரப்பிய பிளாஸ்க்கில் வைத்து முதல் பேருந்தில் கொண்டுவருவார். "அண்ணே, ஏழு மணிக்குள்ள வந்துருங்க, நேரம் போச்சுன்னா செல்லு ஒட்டாது" என்று ஆய்வாளர் முதல் நாளே சொல்லி அனுப்புவதை நான் கேட்டிருக்கிறேன். வில்லையின் முன்பக்க உறையை நுண்ணோக்கியின் கீழ் உரித்து, செல் பக்கம் கீழே படும்படி தட்டில் பரப்ப வேண்டும். உறை ஓர் ஓரத்தில் சுருண்டாலும் அந்தக் கண் வீண். எத்தனை கண்கள் வீணாயின, எதனால் என்பதையும் அந்தக் கட்டுரை எழுதி வைத்திருக்கிறது.

வெளி வல்லுநர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்திருந்தார். இந்த முறையில் வேறு யாராவது செல் வளர்த்திருக்கிறார்களா என்று அவர் கேட்டபோது, தென்மாவட்டக் கல்லூரிகள் இரண்டிலிருந்து வந்த கடிதங்களையும், இந்த முறையைப் பின்பற்றி எழுதப்பட்ட ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டையும் ஆய்வாளர் எடுத்து வைத்தார். அரை மணி நேரத்துக்கும் மேலாகச் செல்களைப் பற்றியே பேச்சு நடந்தது. முதல் அமர்வில் செல் என்ற சொல்லே எழவில்லை.

பின் நடந்தவை

விலக்கிய கட்டுரையைச் சேர்க்காமலே தகுதி இருந்ததால், குழு பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்தது. நான்கு மாதம் கழித்து ஆய்விதழ் திருத்தக் குறிப்பை வெளியிட்டது. தாவரச் சாறு செல்லை மடியச் செய்கிறது என்ற முடிவு ஹீலா செல்லுக்குப் பொருந்தும் என்றும், வாய்ப் புற்றுநோய் பற்றிச் சொன்னவற்றைக் கைவிட வேண்டும் என்றும் அதில் உள்ளது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. கல்லூரியின் உள்தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஆய்வாளர் அந்த ஆண்டு ஒன்பதாம் இடத்துக்கு இறங்கினார்; அவருக்கு மேலே இருந்தவர்களில் சிலரின் பக்கங்கள் இன்னும் சரிபார்க்கப்படவில்லை. மூன்று ஆசிரியர்கள் தாமாகவே வந்து தங்கள் பதிவைச் சரிசெய்தார்கள். ஒருவர் மறுத்துவிட்டார். விண்ணப்பத்தில் எச்-குறியீட்டெண் கட்டம் இன்னும் இருக்கிறது. ஆட்டுக்கண் கட்டுரைக்கு விதிப்படி கிடைத்ததும் பட்டியலின் கீழ்ப்படி மதிப்பெண்தான்.

மாற்றிக்கொண்டவை

தரவுத்தளம், ஆசிரியர் எண், பார்த்த தேதி ஆகிய மூன்றும் இல்லாத எந்த எண்ணையும் இப்போது நான் ஆண்டறிக்கைக்கு எடுப்பதில்லை. பட்டியலை ஆசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, அவர் கையெழுத்திட்ட பிறகே எண் அச்சுக்குப் போகிறது. இதற்கு ஆளுக்கு இரண்டு மாலைகள் ஆகின்றன. விலங்கியல் துறையில், புதிய செல் வரிசை எது வந்தாலும் தவறான அடையாளப் பட்டியலில் பார்த்து, சோதனைச் சான்றையும் வாங்கிய பிறகே குடுவை திறக்கப்படுகிறது. முதல் அமர்வுக்கு முன்பே இந்தச் சரிபார்ப்பை நான் செய்திருந்தால், ஆறு வாரக் காத்திருப்பும், குழுவின் முன் அவர் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரமும் தவிர்ந்திருக்கும்.

முனைவர் பட்ட மாணவர்கள் முதல் கட்டுரையை அனுப்பும் முன் தங்கள் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று முடிவு செய்து, நூலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும் புதிய நடைமுறை. இந்த ஆண்டு சேர்ந்த மாணவி ஒருவர், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போய், இரண்டு நாள் கழித்து அம்மாவின் எழுத்தையும் அப்பாவின் எழுத்தையும் சேர்த்து எழுதிய தாளோடு வந்தார். திருமணத்துக்குப் பிறகும் இதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றே பெற்ற 16 இலக்க எண்ணை ஆய்வகக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார்.